63-ஆம் நம்பர் லாரி

மூணு மாசமா இங்கே எதுவும் எழுதவில்லை. "என்னுங்க, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டு எழுதியவர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மகளுக்குப் பிரசவம். நானும் வீட்டுக்காரியும் இங்கிலாந்து போயிருந்தோம். மான்செஸ்டர் பக்கம் வீடு. வீட்டுக்காரிக்கு அங்கே கை நிறைய வேலை. பேரனைக் குளிப்பாட்டணும், மகளுக்குப் பத்தியச் சோறு ஆக்கணும். எனக்கு ஜன்னலில் உட்கார்ந்து மழை பார்ப்பது ஒன்றுதான் வேலை.

கிளம்பும்போதே மனசு சரியில்லை. எனக்கும் மகனுக்கும் சண்டை. நாலு ஏக்கர் கரும்புக்கும் சொட்டுநீர் போட்டுவிடலாம், வாய்க்காலை மூடிவிடலாம் என்கிறான். நான் முடியவே முடியாது என்றேன். 40 வருஷம் மடை திருப்பிய கை இது. எந்தப் பாத்தி நிறைந்துவிட்டது என்று ராத்திரி இருட்டில் கால் வைத்தே சொல்லிவிடுவேன். அதைச் சொன்னதும் அவன் அமைதியாகச் சொன்னான்: "உங்களுக்கு மடை திருப்பத் தெரியும்ப்பா. திருப்பறதுக்குத்தான் தண்ணி இல்ல."

போர் 800 அடிக்குப் போய்விட்டது. அவன் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னால்தானே கோபம் வரும்? கோயம்புத்தூர் விமான நிலையம் வரைக்கும் அவன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். வழி நெடுக ரெண்டு பேரும் பேசவில்லை.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, செருப்பை மாட்டுங்க. உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு காட்டறேன்" என்றார். தெற்கே ஒரு மணி நேரம் கார். செஷயர் என்று பெயர். பால் மாட்டுக்குப் பேர்போன பூமி. புல் அறுத்த ஒரு பெரிய வயலோரம் வண்டியை நிறுத்தினார். கதவைத் திறந்ததும் கரிப்புகை வாசனை. வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்கொட்டாய்க்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

வயல் முழுக்கப் பழைய லாரியும் பஸ்ஸும். கோடையில் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இப்படிக் கூடுவார்களாம். நம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரையையும் காளையையும் கழுவி, கொம்பு சீவி, சலங்கை கட்டிக் கொண்டுவருவார்களே, அதே மாதிரி ஆளாளுக்குத் தன் வண்டியைத் துடைத்துப் பித்தளையைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். 29 பேர் உட்காரக்கூடிய ஒரு பெட்ஃபோர்டு பஸ், மூக்கும் கன்னமும் உருண்டையாக, பொம்மை மாதிரி. அதில் பாட்டிமார்கள் ஏறி வயலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் போய் நின்றது ஒரு விசித்திரமான லாரி முன்னால். முன்பாதி ரயில் எஞ்சின், பின்பாதி லாரி. படுக்கவைத்த பாய்லர், அதன் முதுகில் எஞ்சின், மேலே புகைபோக்கி, அங்கிருந்து பின் சக்கரத்துக்குச் சங்கிலி. ஓட்ட ஒருவர், கரி தள்ள ஒருவர். முகப்பில் பித்தளையில் ஃபோடன் என்று பெயர்.

அதன் சொந்தக்காரர் என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். கையெல்லாம் கரி. நான் விவசாயி என்று மாப்பிள்ளை சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் கம்பெனியும் விவசாயிகளுக்காக ஆரம்பிச்சதுதான்" என்றார். அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து மகளின் கம்ப்யூட்டரில் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சாண்ட்பேச் என்று ஒரு சின்ன ஊர். சந்தைத் திடலில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட இரண்டு கற்சிலுவைகள் நிற்கும். அதை ஒட்டிய எல்வொர்த் கிராமத்தில் எட்வின் ஃபோடன் என்பவர் பட்டறை நடத்தினார். கதிரடிக்கும் இயந்திரம், அதை இழுத்து ஓட்டுகிற நீராவி எஞ்சின் என்று பண்ணைக்கு வேண்டியதைச் செய்தார். பிறகு அதே நீராவியில் லாரி செய்தார். 1901-ல் ஆல்டர்ஷாட்டில் பிரிட்டிஷ் ராணுவம் நடத்திய லாரிச் சோதனையில் அவர் வண்டி நல்ல பெயர் வாங்கியது. அதன் பின் முப்பது வருஷம் கல், செங்கல், மாவு மூட்டை, பீர் பீப்பாய் என்று அந்த நாட்டின் பாரத்தையெல்லாம் இந்த மாதிரி நீராவி லாரிகள் சுமந்தன. லங்காஷயரில் இருக்கும் லேலண்டு கம்பெனியும் 1896-ல் நீராவி வண்டியில்தான் ஆரம்பித்தது. 1955-ல் எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று பெயர் வைத்தார்களே, அந்த லேலண்டுதான். நம் ஊரில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற லாரிக்கும் பூர்வீகம் கரி அடுப்புதான்.

இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு அது கோமாளி வண்டி. காலையில் அடுப்பு மூட்டி நீராவி ஏற ஒரு மணி நேரமாவது காத்திருக்கணும். தண்ணீர் தீர்ந்தால் ஓடைக்கரையில் நிறுத்தி, ஓடையில் குழாயைப் போட்டு நீராவியாலேயே உறிஞ்சணும். சாயங்காலம் சாம்பல் அள்ளணும். ஆனால் அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. அந்த நாட்டில் தோண்டின பக்கமெல்லாம் கரி. எண்ணெயோ கப்பலில் வரவேண்டும். காசு கொடுத்து வாங்குகிற எண்ணெயைவிட வீட்டுக்கொல்லையில் கிடைக்கிற கரி மேல் என்று நினைப்பதில் என்ன பைத்தியக்காரத்தனம்? நம் வீட்டில் தவிடும் புண்ணாக்கும் இருக்கும்போது மாட்டை விட்டுவிட்டு டீசலுக்குப் போவானேன் என்று நம் பெரியவர்கள் கேட்டதும் இதே கணக்கில்தான்.

பக்கத்தில் இன்னொரு வேடிக்கை நின்றது. மூன்றே சக்கரம் உள்ள லாரித்தலை. பெயரே இயந்திரக் குதிரை, 'மெக்கானிக்கல் ஹார்ஸ்'. வாட்ஃபோர்டில் இருந்த ஸ்காம்மெல் கம்பெனி 1930-களில் செய்தது. ரயில் கம்பெனிகள் ஸ்டேஷனில் இறங்கும் சரக்கை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க ஆயிரக்கணக்கில் குதிரை வைத்திருந்தன. சந்தும் முற்றமும் குதிரை வண்டி திரும்புகிற அளவுக்குத்தான் கட்டியது. பெரிய லாரி உள்ளே போகாது. அதனால் முன்னால் ஒரே சக்கரம் வைத்து, நின்ற இடத்திலேயே கிட்டத்தட்டத் திரும்புகிற மாதிரி செய்தார்கள். பின்னால் நகர்த்தினால் வண்டி தானாகக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ஒரு வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது அதை அவிழ்த்து விட்டுவிட்டு இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகலாம். குதிரையை எடுத்துவிட்டார்கள், குதிரையின் வேலையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மூன்று சக்கரத்தைப் பார்த்துச் சிரிக்கலாம்னு நினைத்த எனக்கு, நம் டிராக்டருக்குப் பின்னால் நிற்கிற டிரெய்லர் ஞாபகம் வந்து சிரிப்பு அடங்கிவிட்டது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

பெரியவர் எட்வின் 1911-ல் காலமானார். மகன்கள் வில்லியமும் எட்வின் ரிச்சர்டும் கம்பெனியைப் பெரிதாக வளர்த்தார்கள். 1930 வாக்கில் காற்று மாறியது. மான்செஸ்டர் ஓரத்தில், பாட்ரிக்ராஃப்ட்டில், கார்ட்னர் என்ற கம்பெனி டீசல் எஞ்சின் செய்துகொண்டிருந்தது. படகுக்கும், ஓரிடத்தில் நின்று ஓடுகிற வேலைக்கும் செய்தது. அதை லாரியில் ஏற்றிப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தார்கள். ஏற்றிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். காலையில் அடுப்பு மூட்ட வேண்டாம், கரி தள்ள ஆள் வேண்டாம், எண்ணெயும் கொஞ்சம்தான் குடிக்கும். ஃபோடன் கம்பெனியே 1931-ல் ஒரு டீசல் லாரி செய்து பார்த்தது. தம்பி எட்வின் ரிச்சர்டு, "இனி இதுதான்" என்றார். கம்பெனியை நடத்தினவர்களுக்கு மனசு வரவில்லை. நீராவியில் வந்த சோறு, நீராவியில் வந்த பெயர்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எங்க அப்பாரு கண்முன் வந்து நின்றார்.

எங்க கிணற்றில் கவலை ஓடியதை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். ரெண்டு காளை சரிவில் இறங்க, வடக்கயிறு இழுக்க, சால் மேலே வந்து தண்ணீர் கொட்டும். அப்பாரு காளைகளோடு பேசிக்கொண்டே ஓட்டுவார். எங்க அப்பா ஆயில் எஞ்சின் வாங்கணும் என்று நின்றார். வீட்டில் பெரிய ரகளை. அப்பாரு சொன்ன ஒரு வார்த்தை ஊரெல்லாம் பரவிவிட்டது: "ஏண்டா, உன்ற எஞ்சினு சாணி போடுமா?" அப்பா எஞ்சினை வாங்கிக் குத்தகைக்கு எடுத்த பக்கத்துத் தோட்டத்தில் வைத்தார். ஒரு வருஷம் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. கோடையில் கிணற்று நீர் இறங்கி, கவலைக்கு எட்டாமல் போனபோது அப்பாரு ஒரு வார்த்தை பேசாமல் காளைகளை அவிழ்த்துக் கட்டினார். அந்த எஞ்சின் எங்க கிணற்று மேட்டுக்கு வந்தது.

அப்பாரு தோற்றார் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மாடு கெட்டுப்போகவில்லை, கவலையும் கெட்டுப்போகவில்லை. தண்ணீர் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சாண்ட்பேச்சில் இறங்கியது தண்ணீர் இல்லை, சட்டம். ரயிலுக்கும் லாரிக்கும் அப்போது பெரிய போட்டி. சாலையைத் தேய்க்கிற லாரிக்காரர்கள் அதற்குரிய செலவைக் கொடுக்கவேண்டும் என்று 1932-ல் சர் ஆர்தர் சால்டர் தலைமையில் கூடிய குழு சொன்னது. 1933-ல் சட்டம் வந்தது. 1934 ஜனவரி முதல் தேதியிலிருந்து புது வரி. காலி வண்டியின் எடை ஏற ஏற வரியும் ஏறும். பாய்லர், தண்ணீர்த் தொட்டி, கரிப்பெட்டி என்று பிறவியிலேயே கனமான நீராவி லாரிக்கு இது கழுத்தில் விழுந்த கல்.

இதில் எனக்கு நெஞ்சைப் பிசைந்தது வேறொன்று. அந்த வயலில் சென்டினல் என்று இன்னொரு நீராவி லாரி நின்றது. ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் செய்தது. பார்த்தால் நீராவி வண்டி என்றே தெரியாது. புகைபோக்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, சங்கிலி கிடையாது, காற்று டயர், ஓட்ட ஒரே ஆள் போதும். அந்த நாட்டில் செய்த நீராவி லாரிகளிலேயே தேர்ந்தது அதுதான் என்றார் பெரியவர். அது எப்போது விற்பனைக்கு வந்தது தெரியுமா? அந்தப் புது வரி வந்த அதே நேரத்தில்! 30 வருஷம் செதுக்கிச் செதுக்கி, குறையெல்லாம் நீக்கிக் கடைசியில் அந்த வேலையின் உச்சியைத் தொட்டபோது கீழே தரை இல்லை. (கடைசியில் 1950 வாக்கில் அர்ஜென்டினாவுக்கு 100 வண்டி போயிருக்கிறது. ரியோ டுர்பியோ என்ற கரிச்சுரங்கத்துக்கு. கரி இருக்கிற இடத்தில் கரி வண்டிக்கு மரியாதை.)

இருட்டில் கால் வைத்தே பாத்தி நிறைந்ததைச் சொல்கிற வித்தை எனக்கு எந்த வருஷம் கைவந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அதை யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

எட்வின் ரிச்சர்டு கம்பெனியை விட்டு விலகினார். வயசும் ஆகிவிட்டது, ஓய்வு எடுக்கலாம் என்ற நிலை. அவர் மகன் டென்னிஸ் விடவில்லை. "அப்பா, நாமே டீசல் லாரி செய்யலாம்" என்று இழுத்தார். பழைய கம்பெனியில் வண்டி வடிவமைத்த எர்னஸ்ட் ஷெராட்டும் கூட வந்தார். சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. அதே சாண்ட்பேச்சில் ஜென்னிங்ஸ் என்ற கூண்டு கட்டும் பட்டறையில் ஒரு பக்கத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். எஞ்சின் கார்ட்னரிடம், கியர் பெட்டி டேவிட் பிரவுனிடம், அச்சு கிர்க்ஸ்டாலிடம் என்று நல்ல சாமானாக வாங்கிக் கோத்தார்கள். எடையைக் குறைத்து வரிச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரிக் கட்டினார்கள். 1933-ல் முதல் லாரி வெளியே வந்தது. அப்பாவின் பெயரெழுத்துகளையே வண்டிக்கு வைத்தார்கள்: இ.ஆர்.எஃப்.

அந்த முதல் லாரிக்கு சேசிஸ் நம்பர் 1 என்றுதானே போடவேண்டும்? 63 என்று போட்டார்கள். அந்த வருஷம் எட்வின் ரிச்சர்டுக்கு வயசு 63.

இதை மாப்பிள்ளை தமிழில் சொன்னதும் நான் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றேன். நமக்கு 63 என்றால் நாயன்மார்கள்தான். கோயிலில் வரிசையாகக் கைகூப்பி நிற்பார்களே, அதுதான் ஞாபகம் வரும். அன்றைக்கு எனக்கு ஒரு கிழவன் ஞாபகத்தில் நின்றான். 63 வயசில், அப்பன் பெயர் எழுதிய கம்பெனிக்கு எதிர்ப்பக்கம், மகன் பேச்சைக் கேட்டு, வாடகைப் பட்டறையில் முதலிலிருந்து ஆரம்பித்த கிழவன். எனக்கு 61.

இதை மகன் ஜெயித்த கதை என்று முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பழைய ஃபோடன் கம்பெனியும் அழிந்துவிடவில்லை. அடி வாங்கித் தள்ளாடியபோது ஆஸ்திரேலியாவில் இருந்த அண்ணன் வில்லியம் திரும்பி வந்து 1935-ல் பொறுப்பேற்றார். அவர்களும் டீசலுக்கு மாறினார்கள். ஒரே சின்ன ஊரில் ஒரே குடும்பத்தின் இரண்டு லாரிக் கம்பெனிகள் பல பத்து வருஷம் போட்டி போட்டு ஓடின. எட்வின் ரிச்சர்டு 1950-ல் போனார். பிற்பாடு இரண்டு கம்பெனியும் வெளியார் கைக்குப் போயின. 2006-ல் கடைசி ஃபோடன் லாரி. 2007-ல் இ.ஆர்.எஃப் பெயரும் முடிந்தது. நீராவிக்காரன், டீசல்காரன் ரெண்டு பேர் பெயரும் ஒரு வருஷ இடைவெளியில் ரோட்டிலிருந்து போய்விட்டது. 1900-ல் எல்வொர்த்தில் தொடங்கிய ஃபோடன் பேண்டு வாத்தியக் குழு மட்டும் இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

"ரெண்டுல எது நல்ல வண்டி?" என்று அந்தப் பெரியவரிடம் கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டார். பெரியவர் கரியைத் தள்ளிவிட்டு, "எந்த வருஷத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டாராம்.

அன்று ராத்திரி மகனுக்கு ஃபோன் போட்டேன். அங்கே விடியற்காலை. மோட்டார் போடப் போயிருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "தண்ணி எப்படிப்பா இருக்கு?" என்றேன். "ஒன்றரை மணி நேரம் ஓடுது. அப்புறம் காத்துதான் வருது" என்றான். "மேக்கால ரெண்டு ஏக்கருக்குப் போட்டுப் பாரு. கிழக்கால வாய்க்கால் இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிங்ப்பா. குழாய் பதிக்கறப்ப நீங்களும் இருக்கோணும். மண்ணோட வாட்டம் எனக்குத் தெரியாது" என்றான்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் குழாய் பதித்தோம். எந்தப் பக்கம் மேடு, எங்கே அழுத்தம் குறையும் என்று அவன் கருவியை வைத்து அளக்கிறதுக்கு முன்னாடி நான் சொன்னேன். நாலு இடத்தில் மூன்று சரியாக இருந்தது. வாய்க்காலில் நடந்து பழகின கால் முழுசாக வீணாகிவிடவில்லை.

மாடு மட்டும் விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவனும் அதற்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை. எரு ஒரு டிராக்டர் லோடு என்ன விலை விற்கிறது என்று அவனுக்கும் தெரியும். அப்பாரு கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.